மூன்றரைச் சங்கு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு, கதை முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு திரும்பி வருகிற ஆள் நான். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கும், ஆட்டம் கண்டால் போல்ட் லூசாக இருக்கும், இந்த இரண்டுக்கு மேல் உலகத்தில் மர்மம் எதுவும் கிடையாது என்பது என் கொள்கை. அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நம்பாவிட்டாலும் பரவாயில்லை. போகவேண்டிய மானமெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையே லுங்கியோடு போய்விட்டது.

ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கர் நிலம், நடுவில் இரண்டு அறை வீடு, என் மனைவி கமலா வளர்க்கும் பதினான்கு நாட்டுக்கோழிகள். பின்னால் நீலகிரித் தைல மரத் தோப்பு, அதைத் தாண்டி பாதி வற்றிய ஏரி. தோப்பில் நரிகள். அவை அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன, நான் பத்திரம் பதிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை என்பதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் கோபம் வராதா? அதிலும் எந்த மகராசனோ கோழிக்கடைக் கழிவை மூட்டை மூட்டையாக ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகிறான். குடல், தலை, இறகு. நரிகளுக்குத் தினமும் கல்யாண விருந்து. மூட்டை வராத நாளில் பந்தி எங்கள் வீட்டில். இரண்டு மாதத்தில் பதினான்கு ஒன்பதானது. மூட்டை போடுகிறவன் கையில் கிடைக்கவில்லை, அதனால் அவன் பங்குக் கோபத்தையும் நரிகள் மேலேயே வைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் ஷிப்டுக்கு ஊதும் பழைய மோட்டார் சங்கைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். கேட்டு வாங்கி வந்து, வீட்டுக் கம்பத்தில் கட்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நிமிடம் நீளமாக ஊதுவதற்கு டைமர் வைத்தேன். இருபத்திரண்டு வருடம் என்னை மிரட்டிய சத்தம், நரி எம்மாத்திரம்? இரண்டு நாள் தோப்பு கப்சிப். மூன்றாம் நாள் சங்கு ஓய்ந்ததும் தோப்பிலிருந்து ஒரு நரி அதே நீளத்துக்குப் பதில் ஊளை விட்டது. நான்காம் நாள் ஆறு நரிகள். பிறகு ஒரு நாள்கூட லீவு போடாமல் எல்லாம் ஆஜர்.

பக்கத்து ராகி வயல் முனியப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சார், உங்க நரிங்க எல்லாம் பர்மனென்ட் ஆயிடுச்சே. பி.எஃப். பிடிக்கிறீங்களா?"

அன்றைக்கே சங்கைக் கழற்றிக் கொட்டகையில் போட்டேன். கோபத்தில் அடுத்து செய்ததுதான் கேடுகெட்ட காரியம். பின்வேலியில் ஒரு கம்பியை இழுத்து அதற்குக் கரண்ட் கொடுத்தேன். சட்டப்படி தப்பு, எந்தப் படியும் தப்பு. கரண்ட்டை மதிக்க வேண்டும் என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறவனே நான்தான், அது வேறு. கமலாவிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டாள். அவள் கதவைச் சாத்திப் படுத்த பிறகு சுவிட்சைப் போடுவேன், விடிவதற்குள் அணைத்துவிடுவேன். கம்பி இழுத்ததை முனியப்பா மட்டும் பார்த்துவிட்டார். முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை.

"கரண்ட் பேடா சார். நரி இருந்தா எலி இல்ல. எலி இல்லேன்னாத்தான் என் ராகி வீட்டுக்கு வருது. வேணாம் சார், கேளுங்க."

"உங்க ராகிக்கு என் கோழி சம்பளமா?" என்றேன். பெரிய பதில் சொல்லிவிட்ட பெருமை வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தூறல். கமலாவின் செல்லமான செவலைக் கோழியை இரண்டு நாளாகக் காணோம். வேலியோரம் நாலு சிவப்பு இறகு கிடந்தது. அவள் மதியம் சாப்பிடவில்லை. அதைப் பார்த்த பிறகு ராத்திரி வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், வெளிச்சம் இருக்கும்போதே, ஆறு அடிக்கக் கால் மணி இருக்கையில் சுவிட்சைப் போட்டேன். கமலா சமையலறையில் இருக்கிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் அந்த ஒரு வரியில்தான் கை நிற்கிறது, எட்டிப் பார்க்கவில்லை.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் டீ டம்ளரோடு, பெரிய வேட்டைக்காரன் மாதிரி முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அப்போது சங்கு ஊதியது.

நீளமாக இல்லை. சின்னதாக ஒன்று. நிறுத்தி, இன்னொன்று. நிறுத்தி, மூன்றாவது.

எங்கள் கம்பெனியில் ஒரு நீளச் சங்கு என்றால் ஷிப்டு. மூன்று துண்டுச் சங்கு என்றால் வேறு. யாரோ கரண்டிலோ மெஷினிலோ மாட்டிக்கொண்டார்கள், பக்கத்தில் இருப்பவன் எதையும் கேட்காமல் ஓடி மெயினை இறக்க வேண்டும் என்று அர்த்தம். மாதம் ஒரு முறை ஒத்திகை. முதலில் ஓடியதற்காக இரண்டு முறை ஹாட்பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். அதனால் மூளைக்குத் தகவல் போவதற்கு முன்பே கால் கிளம்பிவிட்டது. டீ தொடையில் கொட்டியது, ஒரு செருப்பு சேற்றில் தங்கிவிட்டது, லுங்கி வாசற்படியிலேயே விடைபெற்றது. "மெயின்! மெயின்!" என்று யாருமில்லாத வீட்டுக்குள் கத்திக்கொண்டே ஓடி, நான்காவது சங்கு தொடங்கியபோது மெயின் சுவிட்சை இறக்கினேன்.

சங்கு முனகிக்கொண்டே இறங்கி நின்றது. டிராயரோடு சுவர் முன்னால் நின்றேன். பின்வேலிப் பக்கமிருந்து கமலாவின் குரல்.

"ஏங்க! இந்தக் கம்பிய யாரு இங்க கட்டுனது? புடவை மாட்டிக்கிச்சு, வந்து எடுத்துவிடுங்க!"

போய்ப் பார்த்தேன். நனைந்த புடவை, வெறுங்கால், கணுக்கால் வரை சேறு. வேலியைத் தாண்ட ஒரு காலைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். இடது கையால் அந்தக் கம்பியை அழுத்திப் பிடித்திருக்கிறாள். வலது கக்கத்தில் செவலைக் கோழி, உயிரோடு, கொழுகொழுவென்று. தோப்புப் புதரில் தனியாக முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்ததாம். நரி அதைத் தொடக்கூட இல்லை. கேட் வரை சுற்றிக்கொண்டு போக அலுப்புப்பட்டுக் குறுக்கே வந்திருக்கிறாள்.

நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், கம்பி போகும் வழியே கண்ணை ஓட்டிக்கொண்டு வீட்டுச் சுவர் வரை போனாள். பிறகு கையை மெதுவாக எடுத்தாள்.

"யோவ்," என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. "கரண்டாய்யா இது?"

பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. கோழியோடு பேசினாள். "அந்த ஆளு பக்கம் போவாத, ஷாக் வச்சிருப்பான்" என்று எனக்குக் கேட்கும்படி.

கம்பியை அன்றே அறுத்துச் சுருட்டிவிட்டேன். அதற்கு முன்னால் கொட்டகைக்கு ஓடிப் பார்த்தேன். சாக்குகளுக்கு அடியில் சங்கு, ஒயர் முனையில் நான் சுற்றிய டேப் அப்படியே இருக்க, எந்த இணைப்பும் இல்லாமல் கிடந்தது. வாய்க்குள் குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. கரண்ட் கொடுத்தாலும் ஊதாது.

பன்னிரண்டாம் நாள் கமலாவிடம் கேட்டேன். "சங்கா? நரிதான் ஊளை விட்டுச்சு. விட்டு விட்டு. அது நின்னப்புறந்தான் கம்பில கைய வச்சேன்." முனியப்பாவும் நரி என்றுதான் சொன்னார். கம்பெனியில் சொன்னபோது, நரி சங்கைக் கேட்டுப் பழகிவிட்டது, இதில் என்ன அதிசயம் என்று விளக்கினார்கள். விளக்கம் சொல்கிறவர்களைக் கண்டால் இப்போது எனக்கு நரியைவிட அதிகமாகக் கோபம் வருகிறது, ஏனென்றால் அதுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

சரி, நரியே என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலத்தில் நான் ஊதியது நீளச் சங்கு மட்டும். மூன்று துண்டுச் சங்கை அங்கே எந்தப் பிராணியும் கேட்டதில்லை. அதையும் தற்செயல் என்று விட்டுவிடுகிறேன். நான்காவதை என்ன செய்வது? பிராணி ஊளையை நிறுத்தினால் சட்டென்று நிறுத்தும். மெயினை இறக்கினால் சங்கு அப்படி நிற்காது, உள்ளே மோட்டார் சுற்றி ஓயும் வரை சத்தம் முனகிக்கொண்டே கீழே இறங்கும். அந்த நான்காவது, என் கை சுவிட்சை இறக்கிய அதே நொடியில், அப்படித்தான் முனகிக்கொண்டே இறங்கி ஓய்ந்தது. எந்த நரியின் தொண்டைக்கும் என் மெயினிலிருந்து நான் கரண்ட் கொடுக்கவில்லை.

இப்போதும் ஆறு மணிக்கு அவை தாமாகவே ஊளையிடுகின்றன. நீளமாக, ஒன்று. நான் டீயோடு மெயின் சுவிட்சுக்குக் கீழே நிற்கிறேன். "நரிகிட்ட அட்டெண்டன்ஸ் குடுத்தாச்சா?" என்று கமலா கேலி செய்கிறாள். செய்யட்டும். அந்த ஒன்றோடு நின்றுவிட்டது என்று தெரியும் வரை டம்ளரை வாயில் வைப்பதில்லை.