கார்லன் பேட்டின் வகிடு

இந்த உலகத்தில் சீப்புப் பிடித்த கைகளிலேயே பெரிய கை என் சித்தி வெர்லீனுடையதுதான். அவள் ஸ்ப்ரே அடித்துவிட்ட கொண்டையை டென்னஸிச் சூறாவளி இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருக்கிறது.

பாடகர் கார்லன் பேட்டுக்கு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சித்திதான் முடி அலங்காரம். சனிக்கிழமைதோறும் தன் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு குன்றின் மேலிருக்கும் அவர் வீட்டுக்குப் போவாள். ஆகஸ்டில் அவர் குளியலறையில் செத்துக் கிடந்தார். உடம்பு ஆறுவதற்குள் ஊரில் ஆளுக்கொரு காரணம். ஹெராயின் என்றார்கள். மனைவி விஷம் வைத்தாள் என்றார்கள். சாகவேயில்லை, கென்டக்கியில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார் என்றான் ஒருத்தன். கடைசியில் எல்லார் சந்தேகமும் சித்தியின் பெட்டியில் வந்து நின்றது; மாத்திரை அதில்தான் போனதாம்.

"அந்தப் பெட்டியில வெறும் சீப்பு மட்டுமா இருந்திருக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டு ஓபல், மளிகைக்கடையில், என் காதுபடவே. வெள்ளிக்கிழமை தவறாமல் சித்தியிடம் தலையைக் கொடுக்கிறவள்.

"இல்ல ஓபலம்மா, ஒரு பீரங்கியும் இருந்துச்சு," என்றேன்.

சித்தியிடமே கேட்டேன். "நெசமாவே மாத்திரை தின்னாரா?"

"மேடையிலேர்ந்து விழுந்து முதுகு ஒடிஞ்ச நாள்லேர்ந்து தின்னான். டாக்டர் எழுதிக் குடுத்தான், இவன் முழுங்கினான். நிறுத்துடான்னேன். 'நீ முடியைப் பாரு வெர்லீன்'னான். நானும் முடியைப் பாத்தேன்."

சவப்பெட்டியில் அவர் தலையைச் சீவ அவர் வீட்டார் அவளை விடவில்லை. ஊர்சனத்தோடு வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். "வகிட்டை மாத்தி எடுத்திருக்கானுங்க," என்றாள். அந்த வகிட்டை வைத்தே ஊர், 'சவப்பெட்டியில் கிடந்தது கார்லனே இல்லை' என்று இன்னொரு கதை கட்டியது.

எங்கள் ஊரில் துக்க வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவருவார்கள், பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டி. சாப்பிட்டுக் கழுவி, வீடு தேடிப் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். சித்தி கார்லனுக்கு ரத்த உறவில்லை, மனைவியுமில்லை. ஆனாலும் எங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு அடுக்கைக் காலி செய்து வைத்தாள். ஒரே ஒரு பாத்திரம் வந்தால் போதும், ஊர் அவளை நம்புகிறது என்று அர்த்தம். ஒரு வாரம் ஆயிற்று. அந்த அடுக்கில் குளிர் மட்டும்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே சமையல் மாக்கரோனி. சித்தி வெளியே போயிருந்த நேரம் அதைச் செய்து கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி, அடியில் ஓபல் என்று எழுதி ஒட்டி, எங்கள் வாசற்படியிலேயே வைத்துவிட்டு நழுவினேன்.

சித்தி எடுத்து வந்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு நாள் வைத்துத் தின்றாள். பிறகு பாத்திரத்தைத் துலக்கித் துடைத்து, நல்ல கவுனை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"குடு சித்தி, நான் போய்க் குடுத்துட்டு வரேன்."

"எங்க? நம்ம அலமாரியிலயா?"

பாத்திரத்துக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"ஓபல் போன வாரமே போன் பண்ணிட்டாடா. இனிமே என் கை அவ தலையில படக்கூடாதாம். அவளா மாக்கரோனி அனுப்புவா?"

"தெரிஞ்சுமா தின்ன?"

"பசிச்சுது," என்றாள்.