மேல் டிவிஷன் கம்பியும் எங்கள் அண்ணனின் காதும்

எங்கள் அண்ணன் கண்ணை மூடி இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம் முடிகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனோடு வேலை செய்தவர்களுக்கும் என் வணக்கம். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் எழுதுகிறாள். நடுவில் வேறு பேச்சுக்குப் போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவரைப் பற்றி நினைத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது.

அண்ணன் பிறந்தது இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில், இதே தேயிலைத் தோட்டத்தில், ஆற்றோரத்து வரிசை வீடுகளான லயத்தில். அப்பாவும் அம்மாவும் இந்தியாவில் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அப்பாவிடம் ஒரே ஒரு கறுப்புக் கம்பளி இருந்தது. மழைக்கும் அதுதான், ராத்திரிக்கும் அதுதான். அது எப்போதும் ஈரமாகவே இருந்ததாக எனக்கு ஞாபகம். அண்ணன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தார். எனக்கு அதுவும் இல்லை. நான் சின்ன வயதிலேயே மலைக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

அண்ணன் முதலில் ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலரில் வேலை செய்தார். அங்கே கால் நசுங்கியது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து திரும்பி வந்தபோது ஒரு கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் அது. ஆபீஸில் போன் போர்டு பார்த்தவர் இந்தியாவுக்குப் போய்விட்டதால், அந்த ஸ்டூலைத் தோட்ட மேனேஜரான துரை எங்கள் அண்ணனுக்குக் கொடுத்தார். ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, கீழ் டிவிஷன், மேல் டிவிஷன், ஹட்டன் டவுன் எல்லாவற்றுக்கும் பேச்சு அண்ணன் கை வழியாகத்தான் போகும். பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டது எங்கள் இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. "எந்த நாட்டுக்காரன்னு கேட்டா, போன் போர்டு நாட்டுக்காரன்னு சொல்லிக்கிறேன்" என்று அண்ணன் சிரிப்பார்.

அவருடைய குணத்தைச் சொல்ல வேண்டும். போனில் காதில் விழுந்த எதையும் அவர் வெளியே சொன்னதில்லை. சொந்தத் தம்பி எனக்கே சொன்னதில்லை. எங்கேயாவது சாவு நடந்து செய்தி வந்தால், எடுத்தவுடன் சொல்லிவிட மாட்டார். "கங்காணி, நின்னுக்கிட்டு இருக்கீங்களா? ஒக்காருங்க மொதல்ல" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எங்கள் தோட்டத்தில் ஆட்களுக்குச் சாவு என்று விளங்கிவிடும். ஆனாலும் அப்படிச் சொல்ல ஒருவர் இருந்தாரே என்று இப்போது நினைக்கிறேன்.

வருஷக்கணக்காகக் காதில் அந்தக் கருவியை வைத்து வைத்து அண்ணனுக்குக் காது மந்தமாகிவிட்டது. இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், துரைக்கு மட்டும் தெரியாது. ஃபேக்டரி டீமேக்கர் ஐயாவும் ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயாவும் அண்ணனிடம் பேசும்போது சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக விட்டு விட்டுப் பேசுவார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொண்டதில்லை. அப்படியே நடந்து வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து தபால் தந்தி இலாகா இஞ்சினியர் ஐயா ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். போனில் பேச்சு எப்படிக் கேட்கிறது என்று ஆட்களிடம் கேட்டு எழுதுகிற வேலையை அண்ணனிடம் கொடுக்க வந்திருந்தார். அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க ஆபீஸுக்குப் போன நான் வாசலில் நின்று கேட்டது இது.

"பெரியவர், இது உங்கடை தோட்டத்துக்கு மட்டும் உள்ள வேலை இல்லை" என்றார் அவர். "கன தேசத்து டெலிபோன்காரர் சேர்ந்த சபை ஒண்டு இருக்கு. சில வருஷத்துக்கு ஒருக்கால் கூடுவினம். கூடின உடனை முடிவு எடுக்கிறதில்லை. முதலிலை கேள்வியளை எழுதுவினம்."

"கேள்விய மட்டுமாங்க?" என்றார் அண்ணன்.

"ஓம். ஒவ்வொரு கேள்வியையும் ஒவ்வொரு குழுவிட்டைக் குடுப்பினம். கம்பி, மெஷின் பாக்கிறது ஒரு குழு. கட்டணம் பாக்கிறது இன்னொண்டு. பேசிறது ஆக்களுக்குத் திருப்தியாக் கேக்குதோ எண்டு பாக்க வேறை ஒண்டு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "கொழுந்து எடுக்க மலைய நிரை நிரையாப் பிரிச்சுக் குடுக்கிற மாதிரிங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

இஞ்சினியர் ஐயா சிரித்தார். "அப்பிடித்தான் வையுங்கோவன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஆள் பொறுப்பு."

"கங்காணி" என்றேன்.

"கங்காணிதான். ஆனா அவர் அதிகாரம் பண்ண ஏலாது. எல்லாத் தேசமும் தங்கடை இடத்திலை சோதிச்சு எழுதி அனுப்பிறதைச் சேர்த்து வைக்கிறதுதான் அவரின்ரை வேலை. பிறகு எல்லாரும் இருந்து கதைப்பினம். ஒத்து வராட்டில் அந்தக் கேள்வி அடுத்த கூட்டத்துக்குப் போகும்."

"முடிவு வந்தா சட்டமாங்க?"

"சட்டம் இல்லை, பரிந்துரை. ஆனா ஒரு பேச்சு மூண்டு தேசத்துக் கம்பியிலை போகுது. எல்லாரும் ஒரே மாதிரி அளந்தால்தானே எந்தத் தேசத்துக் கம்பியிலை பிழை எண்டு தெரியும்? அதாலை எல்லாரும் அதைக் கேட்டு நடப்பினம்."

அண்ணனுக்குக் கொடுத்த வேலை இதுதான். ஒருவர் பேசி முடித்ததும் அவரையே திரும்பக் கூப்பிட்டு, பேச்சு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். ரொம்ப நல்லது, நல்லது, பரவாயில்லை, மோசம், ரொம்ப மோசம் என்ற ஐந்தில் ஒன்றை அவர் சொல்ல வேண்டும். எல்லாரிடமும் ஒரே வார்த்தையில் கேட்க வேண்டும். "நீங்கள் விளக்கம் ஒண்டும் சொல்லக்கூடாது, பெரியவர். ஆளுக்கு ஆள் மாத்திக் கேட்டால், மற்றத் தேசத்து விடையளுக்குப் பக்கத்திலை வைச்சுப் பாக்க ஏலாது" என்று சொல்லிப் போனார். எங்கே விடைகள் மோசமோ அங்கே முதலில் புதுக்கம்பி வரும் என்றும் சொன்னார்.

அண்ணனுக்கு அதைக் கேட்டு முகம் மலர்ந்தது. காரணம் மேல் டிவிஷன் கம்பி. அது காட்டுக்குள்ளே, கல் மேட்டின் மேலே போகிற பழைய கம்பி. மழை வந்தால் தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி இரைச்சல்தான் கேட்கும். அதற்கு முந்திய மழைக்காலத்தில் மேல் டிவிஷன் கங்காணி சின்னையாவின் மகளுக்குப் பிரசவ வலி வந்தது. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்துப் போனில் சின்னையா கத்திக் கத்திப் பார்த்தும் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. லாரி வரவில்லை. கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நானும் ஒரு முனை பிடித்தேன். பெண் பிழைத்தாள். பேரன் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணன் துரையிடம் அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் நடந்தது வேறு. கேட்ட எல்லாரும் "ரொம்ப நல்லதுங்க" என்றார்கள். கீழ் டிவிஷன் சொன்னது, ஃபேக்டரி சொன்னது. மேல் டிவிஷனும் அதையேதான் சொன்னது. ஒரு நாள் நல்ல மழை. சின்னையா போனில் "ஹலோ, ஹலோ" என்று கத்தி, பாதியில் வைத்துவிட்டார். அண்ணன் விதிப்படி திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார். "ரொம்ப நல்லது!" என்று ஒரே ஒரு கத்தல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சின்னையாவே சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"ஏப்பா சின்னையா, போன்ல என்னா சொன்ன?"

"ரொம்ப நல்லதுன்னேன், அண்ணே."

"அப்ப எதுக்கு நனைஞ்சுக்கிட்டு எறங்கி வந்த?"

"சும்மா... ஒங்களப் பாத்து நாளாச்சேன்னு." பிறகு மெதுவாக, "பாலத்துக்குக் கிட்ட ரோட்டு சரிஞ்சிருக்குங்க. கொழுந்து லாரிய அனுப்ப வேணாம்னு சொல்லிருங்க" என்றார்.

முதலில் அண்ணன் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். கருவியை என்னிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னார். எனக்கும் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

இஞ்சினியர் ஐயா மறுபடி வந்து விடைகளைப் பார்த்தார். "மேல் டிவிஷன் கம்பி திறமாம் எண்டெல்லே சனம் சொல்லுது? இதை வைச்சுக்கொண்டு நான் எப்பிடிப் புதுக்கம்பி கேக்கிறது?"

"அவங்க பொய் சொல்றாங்கய்யா."

"ஏன் பொய் சொல்லுவினம்?"

அதைத் தெரிந்துகொள்ளாமல் அண்ணன் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நொண்டி நொண்டி மேல் டிவிஷன் வரை ஏறினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். சின்னையா வீட்டு வாசலில் உட்கார்ந்து, "நெஜத்தச் சொல்லு" என்றார்.

 சின்னையா, "துரைமாரு ஒங்களத்தான் சோதிக்கிறாங்கன்னு ஊரே பேசுது, அண்ணே. நாங்க மோசம்னு சொன்னா, இந்தாளுக்குக் காது கேக்கலன்னு ஒங்கள நிறுத்திப்புடுவாங்க. ஆபீஸ்ல குடுத்த குவாட்டர்ஸ் வீடும் போயிரும். அதான் எல்லாருமா முடிவு பண்ணி..." என்றார்.

"ஒன் பேரன்யா அது."

"பேரன் போயிட்டான். நீங்க இருக்கீங்கல்ல" என்றார் சின்னையா.

 இறங்கி வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அண்ணியிடம், "நாளைக்குத் துரைகிட்டச் சொல்லப் போறேன்" என்றார். நான் தடுத்தேன். இன்னும் சில வருஷம் ஓட்டலாமே, இந்த வயசில் லயத்துக்குத் திரும்பப் போக முடியுமா என்று கேட்டேன். அண்ணி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "நான் கத்துறதே இவருக்குக் கேக்கல. லயத்துல சண்டச் சத்தம் கேக்காம நிம்மதியாத் தூங்குவாரு. போகட்டும் விடுங்க, கொழுந்தனாரே" என்றார். சொல்லிவிட்டு முறத்தோடு உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் அண்ணன் துரையிடம் தன் காதைப் பற்றிச் சொல்லி, வேலையை விட்டார். அடுத்த நாள் காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசை பிடித்து நிற்கும்போது சின்னத் துரையிடம் அனுமதி வாங்கிப் பேசினார். "எனக்குக் காது கேக்கல. துரைக்கும் தெரியும். இனிமே எனக்காக யாரும் பொய் சொல்ல வேணாம். கம்பியப் பத்திக் கேட்டாக் கம்பியப் பத்திச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். பெண்கள் சிலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

போர்டில் ஒரு இளம் கிளார்க் உட்கார்ந்தார். கேள்வியை முதலிலிருந்து கேட்டார்கள். மேல் டிவிஷனைக் கேட்டபோது, "ரொம்ப மோசம்! ரொம்ப ரொம்ப மோசம்!" என்று சின்னையா கத்தியது போன் இல்லாமலே கேட்டிருக்கும் என்று கிளார்க் சொன்னார். பழைய விடைகளைக் கிழித்துப் போடலாமா என்று அண்ணன் கேட்டதற்கு இஞ்சினியர் ஐயா மறுத்துவிட்டார். "அதையும் காரணத்தோடை அனுப்பிறன். கேக்கிற ஆளிலை அன்பு இருந்தால் விடை பிழையாப் போகும் எண்டு மற்றத் தேசத்தாரும் அறியட்டும்" என்றார். அந்தச் சபையில் அதை யார் படித்தார்களோ எனக்குத் தெரியாது.

புதுக்கம்பி வந்தது. வந்த பிறகும் அதே கேள்வியை அதே வார்த்தையில் கேட்க வேண்டுமாம். ஒரு நாள் அண்ணன் ஆபீஸ் பக்கம் போனபோது, மேல் டிவிஷனோடு பேசிப் பாருங்கள் என்று கிளார்க் கருவியைக் கொடுத்தார். அண்ணன் பேசிவிட்டு வைத்தார். கிளார்க் கேள்வியைக் கேட்டார், சத்தமாக.

"மோசம்" என்றார் அண்ணன்.

"பெரியய்யா, கம்பி நல்லாத்தாங்க இருக்கு. ஒங்க காதுதான்..."

"நீங்க வெளக்கம் சொல்லக் கூடாதுங்க தம்பி. சொன்னத எழுதுங்க."

அந்த மழைக்காலத்தில் சின்னையாவின் மகளுக்கு மறுபடி வலி வந்தது. இந்தத் தடவை லாரி நேரத்துக்கு வந்தது. பெண் குழந்தை. இப்போது தத்தித் தத்தி நடக்கிறது. திதிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்.

அண்ணன் கடைசிக் காலத்தை மகனோடு, கீழ் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் கழித்தார். குறை சொல்லவில்லை. நெஞ்சில் சளி கட்டிப் படுத்தபோது எங்களை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் பேசியது ஒன்றும் அவருக்குக் கேட்டிருக்காது. அண்ணி மட்டும் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். அதற்குத் தலையாட்டினார். அன்று விடியும்போது அடங்கிவிட்டார்.

நாள் தவறாமல் வந்து ஊசி போட்ட டிஸ்பென்சர் ஐயாவுக்கும், பாடைக்கு மூங்கில் வெட்டி வந்த மேல் டிவிஷன் ஆட்களுக்கும், தப்பு அடித்தவர்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், அன்றைக்கு வேலையை நிறுத்திக் கொடுத்த துரைக்கும், கொழும்பிலிருந்து தந்தி அடித்த இஞ்சினியர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முன்னால் நின்று தோள் கொடுத்த சின்னையாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு வந்தவர்களுக்கு எங்களால் முடிந்ததைச் செய்திருக்கிறோம். சோற்றிலோ குழம்பிலோ, உபசரித்ததிலோ குறை இருந்தால், நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். மோசம் என்றால் மோசம் என்றே சொல்லுங்கள். எங்கள் அண்ணன் வீட்டில் அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.