இடப்பக்கத்து வாய்

உங்களுக்கு வேறு வேலை இல்லையா? பென்டில் ஹில்லில் ஒரு கிழவன் குறிபார்த்துச் சுடத் துவக்கு வாங்கினால், அதில் ரவை போடும் வாய் எந்தப் பக்கம் என்று அறிந்து நீங்கள் என்ன, கறியா வைக்கப்போகிறீர்கள்? சொல்லாமல் விட்டாலும் நித்திரை கொள்ளமாட்டீர்கள். சரி, கேளுங்கள். இடையில் சிரித்தால் நிறுத்திவிடுவேன்.

என் மனுஷனுக்கு வேலையை விட்ட பிறகு பிடித்த பைத்தியம் இது. மேசையில் மணல் பைகளை வைத்து, அவற்றின்மேல் துவக்கைப் பிள்ளை மாதிரிக் கிடத்தி, கதிரையில் இருந்தபடியே தூரத்துக் காகிதத்தைச் சுடுவது. ஐந்து ரவையும் ஒரே ஓட்டைக்குள் போகவேண்டுமாம். முதல் ரவையோடு ஓட்டை விழுந்துவிட்டதே, பிறகென்ன என்று கேட்டேன். அதுவரை சுடும் கிளப்பின் துவக்கில்தான் சுட்டுக்கொண்டிருந்தார். ஆனால் இன்னும் வாங்காத துவக்குக்கு வீட்டில் இரும்பு அலுமாரி, பூட்டு, திறப்பு எல்லாம் வந்துவிட்டன. என் தாலிக்கொடி சீனி டின்னுக்குள் கிடந்தது.

அலுமாரியைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது கிளப்பில் பக்கத்து மேசைக்காரி. வெள்ளைக்காரி, புருஷன் செத்தவள். என் வயதுதான், ஆனால் கை நடுங்காது. எனக்குத் தேங்காய் துருவும்போதே நடுங்கும்.

"அவ ஏன் உங்களை 'லவ்' எண்டு கூப்பிடுறா?"

"அது இஞ்சத்தை வழக்கம். பஸ் ஓட்டுறவனையும் அப்பிடித்தான் கூப்பிடுவினம்."

"அப்ப பஸ் ஓட்டுறவனுக்கு ஏன் அவ ஃபோன் எடுக்கிறேல்லை?"

ஃபோனில் பேசியதெல்லாம் புதுத் துவக்கைப் பற்றித்தான். அதன் நடுப்பகுதியைச் சொல்லித்தான் செய்விக்க வேண்டும். போல்ட் என்பது பின்னால் இழுத்துத் திறந்து, முன்னால் தள்ளிப் பூட்டும் தண்டு. இவர் வலக்கைக்காரர், அதனால் அதன் பிடி வலப்பக்கம். அதில் பேச்சில்லை. ரவை போடும் வாய் எந்தப் பக்கம் என்பதுதான் சண்டை. இரும்பை வெட்டினால் வெட்டினதுதான், பிறகு மாற்ற ஏலாது. செய்பவனுக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும்.

அவள் இடப்பக்கம் என்றாள். ஆகவே நான் வலப்பக்கம் என்றேன்.

"நல்ல காரியத்துக்கு ஆராவது இடக்கையாலை எடுத்துப் போடுவினமோ?" என்றேன். எங்கே தட்டினால் இந்த மனுஷன் ஆடுவார் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் இடக்கையால் ஒரு பென்சிலை நீட்டினாலும் வாங்காத ஆள் அவர்.

"அதுவும் சரிதான்," என்றார். அன்று அவருக்கு இரண்டு வடை கூடக் கொடுத்தேன்.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். சுடுவதைப் பார்க்க இல்லை, அவளைப் பார்க்க. தூரத்தில் சின்னச் சின்னக் கொடிகள் காற்றுக்கு ஆடின. கொடி ஒரே பக்கம் நிற்கும்போதே ஐந்தையும் சுட்டு முடிக்கவேண்டும். அவள் துவக்கில் வாய் இடப்பக்கம்; வலக்கையைப் போல்ட்டிலேயே வைத்துக்கொண்டு, இடக்கையால் ரவையைப் போட்டுப் போட்டுச் சுட்டுவிட்டு எழும்பிவிட்டாள். கிளப் துவக்கில் வாய் வலப்பக்கம்; இவரோ போல்ட்டைத் திறந்து, அதே கையால் ரவையை எடுத்து, போட்டு, மறுபடி போல்ட்டுக்குப் போவதற்குள் கொடி திரும்பிவிட்டது. காகிதத்தில் அம்மை போட்ட மாதிரி ஓட்டைகள். அவள் இவர் தோளில் தட்டி, "நெவர் மைண்ட், லவ்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டியோடு சோற்றையும் கறியையும் மேசையில் வைத்துவிட்டு, பரிமாறாமல் குசினி வாசலில் போய் நின்றேன். லவ் வந்து பரிமாறட்டும்.

மனுஷன் தானே சோற்றைப் போட்டார். வலக்கையால் குழைத்துச் சாப்பிட்டார். கறி முடிய, எச்சில் கையைச் சோற்றுக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு, இடக்கையால் அகப்பையை எடுத்துப் போட்டார். யன்னலைப் பார்த்தபடி பருப்பு. ஏதோ யோசித்தபடி கத்தரிக்காய். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

துவக்கிலும் இதேதான் என்று அப்போது விளங்கியது. அவள் சொன்னதல்லவா சரி! பேசாமல் விட்டால் இந்த மனுஷன் வலப்பக்கம் வெட்டச் சொல்லி, சாகும்வரை காற்றைத் தவறவிடுவார். அவளும் சாகும்வரை தோளில் தட்டுவாள். அதைவிட வாயைத் திறப்பது மேல்.

"இஞ்சாருங்கோ, இப்ப எந்தக் கையாலை கத்தரிக்காய் போட்டனீங்கள்?"

அகப்பையைப் பார்த்தார். "இடக்கையாலை. மற்றக் கை எச்சில் எல்லோ."

"துவக்கிலையும் வலக்கை போல்ட்டிலை எச்சில் எண்டு நினையுங்கோ. ரவை கறி. இடப்பக்கம் வெட்டச் சொல்லுங்கோ."

"உதைத்தானே அவவும்..."

"அவ என்ன சொன்னா எண்டு நான் கேட்டனானோ? இது நான் சொல்லுறது."

மனுஷன் இடக்கையில் அகப்பையோடு சிரித்தார். பிறகு அவளுக்கு ஃபோன் எடுத்து, "மை வைஃப் டிசைடட்," என்று சொன்னது குசினிவரை கேட்டது. நான் போய் ரசம் ஊற்றினேன்.

துவக்கு வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். "அன்ரி, உந்த வாய் இடப்பக்கம் எண்டு ஆர் பாத்துச் சொன்னது? அந்த வெள்ளைக்கார மனிசியோ?"

"அவவோ? அவவுக்குத் துவக்கைத் தெரியும் பிள்ளையள். இந்த மனுசன் சோறு தின்னுறது அவவுக்குத் தெரியுமோ?" என்றேன். "வாற ஞாயிறு அவவைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறன். கரண்டி, முள்ளு ஒண்டும் வைக்கமாட்டன். எந்தக் கையாலை கறி எடுக்கிறா எண்டு பாப்பம்."