உடும்பும் ஒரு ஃபீடும்

என் வீட்டுக்காரரின் அக்காவை ஆபீசில் ‘உடும்பு’ என்பார்கள். அவருக்கும் தெரியும். என் கல்யாணப் பத்திரிகையில் என் அப்பாவின் தொழிலைத் தப்பாக அச்சடித்துவிட்டு, மேலே தாள் ஒட்டித் தருகிறோம் என்ற அச்சகத்தாரை அத்தனையையும் மறுபடி அடிக்க வைத்தவர். அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

நாங்கள் இருவரும் ஒரு சின்ன செய்தித் தளத்தில் வேலை செய்கிறோம். நான் பிழை திருத்துகிறேன். அக்கா, எங்கள் செய்திகளை மற்ற தளங்களுக்கு அனுப்பும் ஃபீடைப் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு பேக்கரியில் தீப்பிடித்தது. பேக்கரிக்காரரின் அஜாக்கிரதைதான் காரணம் என்று போட்டோம். உண்மையில் கட்டடச் சொந்தக்காரர் மாற்றாமல் விட்ட பழைய ஒயர்தான் காரணம். செய்தியைத் திருத்தினோம், மன்னிப்பும் கேட்டோம். அதோடு விட்டது என்று நினைத்தோம்.

பேக்கரிக்காரர் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

“நீங்க திருத்திட்டீங்கம்மா. உங்ககிட்ட வாங்கிப் போட்டவங்க எல்லார்கிட்டயும் நான் இன்னும் கடையைக் கொளுத்தினவன்தான். பொண்ணு கேட்டு வந்தவங்ககூட அதைப் படிச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.”

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. நாங்கள் அனுப்பியது ஆர்.எஸ்.எஸ். (RSS) என்ற கணினி வடிவத்தில் இருக்கும் ஃபீடு. அதில் வெளியிட்ட தேதி உண்டு, திருத்திய தேதிக்கு இடமில்லை. வாங்குகிற தளங்களோ ‘இது ஏற்கெனவே வந்ததுதானே’ என்று திருத்தத்தைத் தள்ளிவிட்டன. ஆட்டம் (Atom) என்று இன்னொரு வடிவம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் மாறாத அடையாளமும், கடைசியாக மாற்றிய தேதியும் கட்டாயம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைக்கலாம். இனி அந்த வடிவத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அக்கா எல்லாத் தளங்களிடமும் பேசினார். ஒன்று தவிர மற்றவை சம்மதித்தன. அந்த ஒன்றுதான் பெரியது.

மேனேஜர் குதித்தார். “இது என்னம்மா புது ஆட்டம்? பெரிய இடத்தைப் பகைச்சுக்க முடியுமா? திருத்தினதைப் புதுச் செய்தி மாதிரி அனுப்பு, போதும்.”

“அப்போ பொய்யும் பக்கத்துலயே இருக்கும் சார்.”

“இருந்தா இருந்துட்டுப் போகட்டும். யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேன்.”

அன்று மதியமே ஃபீடை மாற்றிவிட்டார். பெரிய தளத்துக்கும் எழுதினார்: திருத்தத்தைப் போடுங்கள், இல்லையென்றால் எங்கள் செய்தியையே தூக்குங்கள். எனக்குப் பயம்தான், பொய் சொல்வானேன். நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம், அங்கே வரும் சம்பளங்களில் ஒன்று அக்காவுடையது.

மறுநாள் பெரிய தளம் எங்கள் செய்திகள் அத்தனையையும் தூக்கிவிட்டது. மேனேஜர் அக்காவின் மேசைக்கு வந்து கத்தினார்.

“இப்பவே பழையபடி மாத்து!”

அக்கா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

“நான் மாத்த மாட்டேன். நீங்களே மாத்துங்க சார். ஒரு பட்டனை அமுக்கினா முடிஞ்சுது. ஆனா பேக்கரிக்காரரும் அவர் பொண்ணும் கீழ வரவேற்புலதான் உக்காந்திருக்காங்க. எல்லா இடத்துலயும் திருத்தியாச்சான்னு கேட்டு வந்திருக்காங்க. மாத்திட்டு, நீங்களே போய்ச் சொல்லிடுங்க.”

மேனேஜர் உட்கார்ந்தார். மவுஸ் மேல் கையை வைத்தார். ஆபீஸ் முழுக்க அவரையே பார்த்தது. எதையும் அமுக்காமல் எழுந்து, பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனார்.