மூன்றாம் தளபதியின் பாடை

பொன்னுச்சாமி இதுவரை பதினோரு தடவை செத்திருக்கிறார். எல்லாம் சினிமாவில்தான். மண்டபம் பக்கத்துக் கடற்கரையில் ராஜா காலத்துப் படம் எடுக்க யார் வந்தாலும், மிளகாய்க் காட்டில் நிற்கும் இந்தச் சம்சாரியை வேனில் ஏற்றிப் போய், கையில் ஈட்டியைக் கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சாகடித்துவிடுவார்கள். கூட்டத்தோடு கூட்டமாகச் சாவதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. மணலில் குப்புற விழுந்த இடத்தில் கொஞ்சம் தூங்கியும் இருக்கிறார்.

இந்தத் தடவை மீசை அவரை மாட்டிவிட்டது. ஒரு பேரரசரின் மூன்று தளபதிகளைப் பற்றிய படம். மூன்றாம் தளபதிக்கு வசனம் கிடையாது, முகம் இருந்தால் போதும் என்று, ஆள் பிடித்துக் கொடுக்கிற சேதுராமன் இவரைக் கொண்டுபோய் நிறுத்தினான். இரண்டு நாள் குதிரை மேல் உட்கார்ந்து முறைத்தார். ஊரில் "வாங்க தளபதி" என்றார்கள். மனுஷருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மூன்றாம் நாள்தான் வினை. அதற்குச் சில நாள் முன்பு ஊர் மாரியம்மன் கோயிலில் அவர் காப்புக் கட்டியிருந்தார். மகள் சத்யப்பிரியாவுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது உயிரோடு கைக்கு வரட்டும், தீச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்திருந்தார். காப்புக் கட்டியவர் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. பிள்ளை பெறும் இடத்துக்கும் போகக் கூடாது. அன்று காலை, சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே மகளுக்கு வலி கண்டது. மனைவி சண்முகவள்ளி அவளை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கூடப் போக வழியில்லை, வீட்டில் சும்மா இருக்கவும் முடியவில்லை. பொன்னுச்சாமி படப்பிடிப்புக்கு வந்துவிட்டார்.

வந்ததும் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாராவது படம் பிடித்து வெளியே விட்டுவிடுவார்களாம். கடற்கரையில் பச்சைத் தென்னங்கீற்றில் பாடை முடைந்துகொண்டிருந்தார்கள். யாருக்கு என்று கேட்டார்.

"உங்களுக்குத்தாண்ணே" என்றான் சேதுராமன். "பதினோரு மணிக்குத் தூக்கிருவாங்க."

பொன்னுச்சாமி அவனைத் தனியே இழுத்தார். "ஏலே சேது, காப்புக் கட்டிருக்கேன்ப்பா. பாடையில படுக்கக் கூடாது."

"நடிப்புக்கு ஏதுண்ணே தீட்டு? ரெண்டு நாளா உங்க மூஞ்சிய எடுத்தாச்சு. இப்பப் போயி வேற தளபதிக்கு எங்கன போறது?"

"மக அங்கன வலியில கெடக்குப்பா..."

"பத்து நிமிசம்ணே. கண்ண மூடுங்க, முடிஞ்சுபோகும்."

இருநூறு பேர் வெயிலில் காத்து நின்றார்கள். முடியாது என்று உரக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஐம்பத்தாறு வயசில் ஒருநாளும் வந்ததில்லை. மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிறு தெரியாமல் தோல் பட்டையை இறுக்கிக் கட்டினார்கள். முகத்தில் வெளிறிய சாயம் பூசி, கழுத்தில் வெட்டுக்காயம் வரைந்து, நெற்றியில் ஒற்றைக் காசை ஒட்டினார்கள்.

பாடை தோளுக்கு ஏறியது. 'ஆத்தா, இது நான் இல்ல, தளபதி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தார். ஆத்தாளுக்கு சினிமாவெல்லாம் தெரியுமா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. பயத்தில் மூச்சு வேகமாக ஏறி இறங்க, "பிணம் மூச்சு விடக் கூடாது" என்று மைக்கில் கத்தினார்கள். மூச்சை அடக்கினார்.

அழுவதற்குக் கூலிக்கு வந்திருந்த பூங்கோதை, எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, சாவு வீட்டுப் பழக்கத்தில் எடுத்துவிட்டாள்: "பேரன் பேத்தி தூக்காமப் போறியே, என் ராசா!"

பொன்னுச்சாமி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தூக்கியவர்கள் அலறிப்போய்ப் பாடையைப் போட்டார்கள். மைக்கில் என்னவோ திட்டினார்கள். அவர் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் ஓடினார். சாப்பாடு எடுக்க ராமநாதபுரம் கிளம்பிய வேனை மறித்து ஏறிக்கொண்டார். ஓட்டுகிற ஃபஹத் ஒன்றும் கேட்கவில்லை. வெட்டுப்பட்ட முகங்களையே நாள் முழுக்க ஏற்றி இறக்குகிறவனுக்கு இது ஒரு முகமா? வழி நெடுக, மகளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்பதைத் தவிர பொன்னுச்சாமிக்கு வேறு நினைப்பு இல்லை.

பிரசவ வார்டு வாசலில், நிறைமாதமாய் உட்கார்ந்திருந்த ஒருத்தி அவரைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். எதற்கென்று புரியாமல் திரும்பினார். கண்ணாடிக் கதவில், நெற்றியில் காசோடு ஒரு பிணம் நின்றது.

வெளியே ஓடி, சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் ஒண்டிக்கொண்டார். கூச்சல் கேட்டு சண்முகவள்ளி தேடி வந்தாள்.

"என்னய்யா கோலம் இது?"

"காப்போட பாடையில படுத்துட்டேன் வள்ளி." அவருக்கு அழுகை வந்தது. "புள்ள?"

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காக. பதினோரு மணிக்குப் பொறந்துச்சு. எத்தன போனு போட்டேன்!"

பதினோரு மணி. பாடை தோளுக்கு ஏறிய அதே நேரம். கும்பிடுவதா நடுங்குவதா என்று அவருக்குத் தெரியவில்லை. வா, வந்து பிள்ளையைப் பாரு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். முப்பது வருஷமாக அவருடைய எல்லாப் பயத்தையும் சிரித்தே விரட்டியவள் அவள்.

சண்முகவள்ளி அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"சத்யா கேட்டா, நீ வரவே இல்லன்னு சொல்லிர்றேன்" என்றாள். புடவை அவர் மேல் பட்டுவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வேகமாக உள்ளே போய்விட்டாள்.