கல்லடியின் இரண்டு பாலங்கள்

ஒரு நாள் காலையில் சுனாமியன்று போல மறுபடியும் கடல் வருகிறது என்ற கதை கல்லடி முழுக்கப் பரவியது. நான் வாவிக்கு இந்தப் பக்கம், மட்டக்களப்பு நகரில் தையல் கடையில் இருந்தேன். பிள்ளைகளே, நீங்கள் இருவரும் உங்கள் அம்மாவோடு அந்தப் பக்கம், கடற்கரை வீட்டில். எத்தனை தரம் அழைத்தும் போன் எடுபடவில்லை.

சைக்கிளை எடுத்தேன். வாவியைக் கடக்கும் புதிய பாலத்தில் வாகனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நகரத்துக்கு வந்தன. அதனால் பக்கத்தில் இருக்கும் பழைய இரும்புப் பாலத்தால் போனேன். அதிலும் சனம் எதிரே ஓடி வந்தது.

“அங்கால எங்க போறீங்க? விசரா ஒங்களுக்கு?” என்று ஒருவர் கேட்டார்.

“புள்ளைகள் அங்க நிக்குது” என்றேன்.

பாதித் தூரம் போனபோது, பக்கத்துப் புதிய பாலத்தில் ஊர்ந்த ஓர் ஆட்டோவுக்குள் உங்கள் மூவரையும் கண்டேன். கத்தினேன். ஹோன் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. கடையில் என்னைக் காணாவிட்டால் அம்மா என்னைத் தேடி மறுபடி கல்லடிக்கே போய்விடுவாள் என்று பயந்தேன். சைக்கிளைத் திருப்பினேன்.

கடை வாசலுக்கு நான் வந்தபோது, “ஆட்டோவத் திருப்புங்க அண்ணே” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அழுதுகொண்டே, “கடல மறிக்கவா போனீங்க?” என்றாள்.

கதை பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் பிள்ளைகளே, இனி அப்படி ஒரு நாள் வந்தால் யாரையும் தேடாமல் நேரே நகரத்து மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு வாருங்கள். நானும் அங்கேதான் நிற்பேன். இந்தக் கடிதத்தில் அப்படி எழுதிவிட்டேன். நீங்கள் வரச் சற்றுப் பிந்தினால் உங்களைத் தேடி ஓடாமல் என்னால் அங்கே நிற்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை.