நான் பூட்டிய போல்ட்

"உந்த வேலையை எங்க பழகினனீர்?"

என் கணவர் இதைக் கேட்டபோது அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் கையில் பழைய இராணுவ றைபிளின் போல்ட் இருந்தது. குண்டை உள்ளே தள்ளி, சுட்டபிறகு அதன் வெறும் கோதை வெளியே இழுக்கும் இரும்பு உருளை அது. காலையில் துண்டு துண்டாகக் கிடந்தது. அவர் வேலையால் வந்தபோது ஒன்றாக இருந்தது. பூட்டியது நான்.

"வீடியோ பாத்துத்தான் பூட்டினனான்" என்றேன்.

"ஓம், ஓம்" என்றார், நம்பாதவர் சொல்கிற மாதிரி.

அவர் சிறுபிள்ளையாகக் கனடாவுக்கு வந்தவர். எங்கள் யுத்தத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர். உலக யுத்தத்தில் பாவித்த இந்தத் துப்பாக்கியை முறைப்படி லைசென்ஸ் எடுத்துத்தான் வாங்கினார். "உது ஹிஸ்ரறி" என்றார். ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் எங்கள் வீட்டு பேஸ்மென்டில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள் அது கிடக்கும். நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவள். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். "உமக்குப் பயம். எனக்கு விளங்குது" என்றார். அதற்குப் பிறகு சொல்லவில்லை. ஒரு விஷயத்தை இரண்டாம் முறை சொன்னால் அது சண்டை என்று என்னை வளர்த்திருக்கிறார்கள்.

போல்டைத் துடைப்பதற்காக முதல்நாள் கழற்றியவருக்குத் திரும்பப் பூட்ட வரவில்லை. துண்டுகளைக் கடை விளம்பரத் தாள் ஒன்றில் பரப்பி, சோபாவுக்கு முன்னால் இருந்த மேசையில் விட்டுவிட்டுக் காலையில் வேலைக்குப் போய்விட்டார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பினால், அப்போதுதான் எழும்பி நிற்கப் பழகிய மகள் மேசையைப் பிடித்தபடி நிற்கிறாள். உதட்டில் கறுப்பு எண்ணெய்.

வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. ஆனால் தாளில் எத்தனை துண்டுகள் இருந்தன என்று எனக்குத் தெரியாது. மிஞ்சிக் கிடந்தவற்றில் ஒரு திருகாணி உளுந்தளவுதான். அதுபோல இன்னொன்று இருந்திருந்தால்? அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன விழுங்கினாள் என்று கேட்பார்கள். துப்பாக்கித் துண்டு என்று சொன்னால் பிள்ளையை எங்களிடமிருந்து எடுத்துவிடுவார்களோ? போகாமல் இருந்து அவளுக்கு ஏதும் நடந்தால்? சப்பாத்தைப் போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன். பிறகுதான் யோசனை வந்தது. எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்தால் எது குறைகிறது என்று தெரிந்துவிடும்.

போனில் தேடி எடுத்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் நிதானமாகச் செய்து காட்டினார். குண்டை வெடிக்க வைக்கும் நீள ஊசியில் ஸ்பிரிங்கைக் கோத்து, உருளைக்குள் விட்டு, அதற்கென்றே என் கணவர் வாங்கி வைத்திருந்த நீளச் சாவியால் அமத்தித் திருக வேண்டும். ஊசியில் உள்ள பள்ளம் சின்னத் திருகாணியின் ஓட்டைக்கு நேரே வரவேண்டும். அரைச் சுற்றுக் கூடினாலும் பிழை. மகள் உயரக் கதிரையில் இருந்து வீரிட்டாள். ஆனால் பால் எடுக்கும் பம்பைத் தினமும் கழுவிப் பூட்டுகிறவளுக்கு அது பெரிய வித்தை இல்லை. மகளின் கட்டிலைப் பூட்டியதும் நான்தான். அதை எங்கே பழகினாய் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசித் திருகாணியும் அதன் இடத்தில் போய் இருந்தது. வீடியோவில் காட்டிய எதுவும் குறையவில்லை. மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன்.

இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். மகளைக் கொஞ்சினார். மேசையில் விட்டது பிழைதான் என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சனிக்கிழமை அவருடைய சிநேகிதர் வந்தார். என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார். ஒருநாளும் எழும்பாதவர்.

"மச்சான், இனி வீட்டில வாய் காட்டாத" என்று என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம், "அண்ணி, நாங்கள் ஒண்டும் கேக்கமாட்டம். உங்களிட்ட மரியாதைதான்" என்றார்.

என் கணவரின் முகத்தில் பெருமை. அப்போதுதான் விளங்கியது. அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை, ஆசைப்படுகிறார். ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணைத் தான் கட்டியிருக்கிறாராம்.

வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் சண்டைக்குக் கேட்ட காலத்தில் அம்மா என் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டி, கலியாணம் முடிந்தவள் என்று ஊருக்குச் சொன்னார். இரவில் பங்கருக்குள் ஒளித்துப் படுத்தேன். என்னோடு படித்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். சிலர் திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்து முகாமில், இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் எழும்புங்கோ என்று ஆமிக்காரன் சொன்னபோது நான் எழும்பவில்லை. அவன் நம்பினான். விசா நேர்முகத்திலும் அதையே கேட்டார்கள், இல்லை என்றேன். அந்த அதிகாரியும் நம்பினார். என் வீட்டில்தான் என் சொல் எடுபடவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். இயக்கத்தில் இருந்தவள் என்று அவர்கள் காதில் விழுந்தால் அது நின்றுவிடலாம். இந்தக் கதை ஸ்காபரோவைச் சுற்றி வர எவ்வளவு நேரமாகும் என்று அவர் யோசிக்கவே இல்லை. போய்த் திரும்பாத பிள்ளைகளின் இடத்தில் என்னை நிறுத்திப் பெருமைப்படுகிறோமே என்றும் யோசிக்கவில்லை. மறுத்துக்கொண்டே இருந்தால் ஒளிக்கிறேன் என்பார்கள். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

ஞாயிறு பின்னேரம் போல்டை அவர் முன்னால் கழற்றி வைத்தேன். போனில் அதே வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன்.

"நீங்களே பூட்டுங்கோ. பாத்துப் பூட்டலாமோ இல்லையோ எண்டு தெரியும்."

சிரித்துக்கொண்டு தொடங்கினார். ஸ்பிரிங் துள்ளிச் சோபாவுக்குக் கீழே போனது. எடுத்துவந்து மறுபடி கோத்தார். பள்ளம் நேரே வரவில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தார். நெற்றி வியர்த்தது. அவருக்கு அது சரிவரவேண்டும் என்று என் மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன். கடைசியில் சாவியைக் கீழே வைத்தார்.

"பாத்தீரே? வீடியோ பாத்து உது வராது."

மகள் மேசையை நோக்கித் தவழ்ந்து வந்தாள். அவர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். துண்டுகளை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. வீடியோ முடிந்து போன் இருண்டு கிடந்தது. அதைப் பார்க்காமலே ஊசியைக் கோத்து, அமத்தித் திருகி, பள்ளத்தை ஓட்டைக்கு நேரே கொண்டுவந்தேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார், மிகவும் அன்பாக.